உடனே ஒன்றும் தெரியாது

மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்த ரசாயனக் கிடங்குக்கு இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் பொறுப்பு. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஸ்டோர் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பாள். சிரிக்க மாட்டாள்.

ஜன்னல் இல்லாத அறை. மூன்று வரிசை இரும்பு அலமாரிகள். அமிலங்கள் தரையை ஒட்டிய தட்டில். எளிதில் தீப்பிடிக்கும் திரவங்கள் தனியாக ஒரு மஞ்சள் பீரோவில். கொடிய விஷங்கள் மூலையில் பூட்டிய பெட்டகத்தில். அதன் சாவி அவள் கழுத்துக் கயிற்றில். எதன் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "இதையும் அதையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. ரெண்டும் ஒரே சமையக்கட்டுல நிக்கிற மாமியாரும் மருமகளும்" என்பாள். கேட்டவர்கள் சிரித்தால் அதற்கும் முறைப்பாள். அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அவள் வந்து சேர்ந்தது தட்டச்சு வேலைக்கு. பழைய கிடங்குக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "ரெண்டு வாரம் மட்டும் இங்க உக்காரும்மா" என்று தலையில் கட்டிவிட்டார்கள். மூன்றாவது மாதம், பெயர் ஒட்டாத ஒரு புட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்து முகர்ந்தாள். அம்மோனியா. மூளை வரை ஊசி ஏற்றியது போலிருந்தது. ஒரு வாரம் சோற்றுக்கும் சோப்புக்கும் வாசனை தெரியவில்லை. அன்றிலிருந்து பெயரும் தேதியும் ஒட்டாத ஒரு புட்டியும் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. வீட்டிலும் இந்த வியாதி தொற்றிக்கொண்டது. உப்பு டப்பா, சீனி டப்பா, இருமல் மருந்து, எல்லாவற்றிலும் சீட்டு. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு, வாங்கின தேதியைப் போட்டு" என்பார். "காலாவதி தேதியும் போடணும், பரவாயில்லையா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவாள்.

ஒவ்வொரு ரசாயனத்துடனும் ஒரு பாதுகாப்புத் தாள் வரும். பொடி எழுத்தில், பதினைந்து பக்கம், முழுக்க ஆங்கிலம். பள்ளிப் படிப்போடு நின்றவளுக்கு அது எட்டவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புரியாத வார்த்தைகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, மாடியில் வேதியியல் படித்தவர்களிடம் போய் நின்றாள். முதலில் கேலி செய்தார்கள். விடாமல் நின்றதால் சொல்லிக் கொடுத்தார்கள். புரிந்ததைத் தன் சொந்தத் தமிழில் ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதி வைத்தாள். நாளடைவில், கேலி செய்தவர்களே கீழே இறங்கி வந்து, "அக்கா, அந்த நோட்டுல என்ன போட்டிருக்கீங்க, கொஞ்சம் பாருங்க" என்று கேட்கும்படி ஆயிற்று.

அவளிடம் நித்தம் சமாதானம் பேசுவதற்கென்றே மாடி ஆய்வகத்தில் ஒருவன் இருந்தான். உதவியாளன். குடுவைகளைக் கழுவுவது, எடை பார்ப்பது, திரவங்களை அளந்து ஊற்றுவது அவன் வேலை. வயது நாற்பத்து நாலு. எந்த இருவர் முட்டிக்கொண்டாலும் நடுவில் போய் நிற்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அதனால் அவனுக்குப் பஞ்சாயத்து என்றே பெயராகிவிட்டது. ஆய்வகத்தில் மின்விசிறி ஓட வேண்டும் என்றவருக்கும் ஓடக்கூடாது என்றவருக்கும் ஒருமுறை கைகலப்பு வரை போனபோது, பத்து நிமிஷம் ஓடட்டும், பத்து நிமிஷம் நிற்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு நாள் முழுக்கத் தானே சுவிட்சுப் பக்கத்தில் நின்றான். அவள் கணவருக்குக் கால் எலும்பு முறிந்தபோது, வேன் கைவிட்டுப் போகாமல் ஒரு மாதம் ஓட்டியது அவனுடைய மைத்துனன். ஏற்பாடு செய்தது அவன்தான். அதை அவள் மறந்ததில்லை. மறக்காததைக் காட்டிக்கொண்டதும் இல்லை.

அந்த வருஷம் ஒரு மருந்து வேலைக்கு டைமெத்தில் சல்பேட் தேவைப்பட்டது. பெட்டகத்தில் அரை லிட்டர் புட்டி ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவள் நோட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"தண்ணீர் போலத் தெளிவு, எண்ணெய் போல வழுவழுப்பு. லேசான வெங்காய வாசனை. பலருக்கு அதுவும் தெரியாது. வாசனை வரட்டும் என்று காத்திருக்காதே. மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். மெல்லிய கையுறை தாங்காது. ஹூட் ஓடாமல் திறக்காதே. பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஆள் நன்றாக இருக்கிறானே என்று வீட்டுக்கு அனுப்பாதே. பத்து மணி நேரம் கழித்தும் தொண்டையும் நுரையீரலும் வீங்கலாம். ஒரு நாள் முழுக்க மருத்துவர் கண்ணெதிரில் இருக்கட்டும்."

கடைசி நாலு வாக்கியங்களுக்கு அடியில் சிவப்புக் கோடு.

ஹூட் என்பது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பெட்டி. விஷ ஆவி வரும் வேலைகளையெல்லாம் அதற்குள் கையை மட்டும் விட்டுச் செய்வார்கள். மேலே ஒரு விசிறி ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு வெளியே தள்ளும். மாடி ஆய்வகத்து ஹூட்டின் மோட்டார் எரிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. புது மோட்டாருக்கான தாள் மேசை மேசையாகப் போய்க்கொண்டே இருந்தது.

மேலாளர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அவள் புட்டியைக் கொடுக்கவில்லை. மூன்றாம் தடவை அவரே இறங்கி வந்தார். அலமாரிகளுக்கு நடுவே நிற்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு நாளா இந்த ஒரு புட்டிக்காக வேலை நிக்குது."

"ஹூட் ஓடட்டும் சார். அடுத்த நிமிஷம் தர்றேன்."

"மோட்டாருக்கு எழுதியாச்சு."

"நாலு மாசமா எழுதியாச்சுன்னுதான் சார் சொல்றீங்க."

"நீங்க ஸ்டோர் பாக்கறவங்கதானே? கெமிஸ்ட் இல்லையே?"

"இல்ல சார். கெமிஸ்ட்டா இருந்திருந்தா பயமில்லாம கொடுத்திருப்பேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. பேச்சைத் தணித்து, "கொடுன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார்" என்றாள். அவர் எழுதவில்லை. "பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனார். பார்த்துக்கொள்வதாகச் சொன்னது புட்டியை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை பஞ்சாயத்து வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, அவரும் இறங்கி வரமாட்டாரு, நீங்களும் இறங்கி வரமாட்டீங்க. நடுவுல கெடந்து நான் சாகறேன்."

"சாக வேண்டாம்னுதான் கொடுக்கல."

"ஒரே ஒரு தடவை. ஜன்னல் மூணையும் தொறந்து வச்சுடறேன். முகமூடி போட்டுக்கறேன். அஞ்சு நிமிஷ வேலை. நானே அளந்து ஊத்திட்டு, நானே புட்டியைக் கொண்டாந்து உங்க கையில கொடுத்துடறேன். உங்க மேல மேலிடத்துக்கு எழுதப் போறாராம். இந்த வயசுல உங்களுக்கு ஏன் இந்த வம்பு?"

அவள் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். திரும்ப ஒருமுறை முதலிலிருந்து படித்தாள்.

"பாடம் ஒப்பிக்கணுமா? மனப்பாடமாயிடுச்சுக்கா" என்று சிரித்தான்.

"அவரை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு."

"வாயால சொல்லிட்டாரே. நான் சாட்சி. போதாதா?"

அவள் யோசித்தாள். மூன்று நாளாக வீம்பு பிடித்து அவளுக்கும் களைப்பாக இருந்தது. ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம். கணவரின் கால் முன்போல் இல்லை. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். புட்டியோடு தடித்த ரப்பர் கையுறையையும் எடுத்துக் கொடுத்தாள். கிடங்கில் அந்த வகை ஒரே ஜோடிதான் இருந்தது. விநியோகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். குறிப்பு என்ற கட்டத்தில், "ஹூட் வேலை செய்யவில்லை. மேலாளரின் வாய்மொழி உத்தரவு" என்று எழுதினாள். எழுதியதும் மனசு கொஞ்சம் லேசானது.

அப்போது மணி ஒன்பது இருக்கும். பத்தே காலுக்கு அவன் கீழே வந்தான். புட்டி கையில் இல்லை. பழைய துணி வேண்டும் என்றான்.

"எதுக்குத் துணி?"

"சும்மா, மேசை தொடைக்க."

துணியை எடுத்து நீட்டியவள் அப்படியே நின்றாள். "உன் சட்டையில என்ன வெங்காய வாசம்?"

"வீட்டுல சமைச்சது."

"எப்ப சமைச்சது? இப்ப நீ உள்ள வரும்போதுதான் வருது."

அவன் தலையைச் சொறிந்தான். தடித்த கையுறையில் புட்டி வழுக்கியதாம். அதைக் கழற்றிவிட்டு, ஆய்வகத்தில் எப்போதும் போடும் மெல்லிய உறையை மாட்டினானாம். மூடியைத் திறக்கும்போது புட்டி சாய்ந்து ஒரு டம்ளர் அளவு மேசையில் கொட்டியதாம். முகமூடியின் கண்ணாடி மூடுபனி படிந்த மாதிரி மங்கியதால் அதையும் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து குனிந்து கால் மணி நேரம் துடைத்தானாம். ஜன்னல் காற்று வெளியே போகவில்லை. அவன் முகத்தைப் பார்த்து அடித்தது. அப்போது ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. அவனும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் மேலாளருக்கும் மறுபடி சண்டை வருமே என்று பார்த்தானாம்.

"எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. பாருங்க, நல்லாத்தான் நிக்கறேன்."

அவள் அவனை நடைபாதைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். பெண்கள் போகவும் வரவும் இருக்கிற இடம். அவன் கூச்சத்தில் நெளிந்தான். "கழட்டுறியா, நான் கிழிக்கட்டுமா?" என்று போட்ட சத்தத்தில் மேல்மாடியில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணையும் முகத்தையும் கையையும் கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிஷம் தண்ணீரில் கழுவ வைத்தாள். சட்டையைத் தடித்த பையில் போட்டுக் கட்டினாள். யாரும் உள்ளே போகாதபடி மாடி ஆய்வகத்தைப் பூட்டச் சொன்னாள். மேலாளர் வந்து பார்த்தார். வெற்று மார்போடு துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற பஞ்சாயத்தைப் பார்த்து, "என்னய்யா, நல்லாத்தானே இருக்கே?" என்றார். "நல்லாத்தான் சார் இருக்கேன்" என்றான் அவன். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள், ஏதோ அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்பது போல.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நிதானமான மனிதர். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். படம் எடுத்தார். கண் லேசாகச் சிவந்திருந்தது. அதற்குச் சொட்டு மருந்து எழுதினார்.

"நெஞ்சுப் படம் தெளிவா இருக்கும்மா. ஆக்சிஜன் அளவும் நல்லா இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இப்ப தெளிவாத்தான் டாக்டர் இருக்கும். இந்த விஷத்தோட குணமே அதுதான். பத்து மணி நேரம் கழிச்சும் வரும்."

"நீங்க யாரு, மனைவியா?"

"ஸ்டோர்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பாதுகாப்புத் தாளை நீட்டினாள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். அதற்குள் மேலாளரிடமிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. பேசி முடித்துவிட்டு, "உங்க ஆபீஸ்லயும் சின்ன விஷயம்னுதான் சொல்றாங்க" என்றார்.

அவளுக்கு வெறி வந்தது போலாயிற்று. ஆனால் சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்து எழுதினாள்: "டைமெத்தில் சல்பேட் மூச்சில் போனவர் இவர். ஒரு நாள் கண்காணிக்க வேண்டும் என்ற தாளை நான் படித்தேன். படித்த பிறகும் வீட்டுக்கு அனுப்புகிறேன்." கீழே கோடு போட்டு, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க டாக்டர். இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். பாதுகாப்புத் தாளை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நாலாம் பக்கம் வரை ஆற அமரப் படித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "ஒரு படுக்கை போடுங்க" என்றார்.

மத்தியானம் பஞ்சாயத்தின் மனைவி வந்தாள். உடம்பு முழுக்க நன்றாக இருக்கிற கணவன் கட்டிலில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், பக்கத்தில் காவல் போல ஸ்டோர் அக்கா நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்கக்கா இது? ஊரைக் கூட்டி வச்சிருக்கீங்க? அவருக்கு என்ன ஆயிடுச்சு இப்ப?"

"இன்னும் ஒண்ணும் ஆகல."

"ஆகட்டும்னு உக்காந்திருக்கீங்களா?"

ஒருவகையில் ஸ்டோர் அக்கா அதற்குத்தான் காத்திருந்தாள். பஞ்சாயத்து, "விடும்மா, அக்கா திருப்திக்கு ஒரு நாள் படுத்துட்டு வந்துடறேன்" என்று அங்கேயும் நடுவில் புகுந்து சமாதானம் செய்தான்.

மூன்றரை மணிக்குக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்றான். நாலு மணிக்குக் குரல் கம்மியது. "தொண்டையில என்னவோ..." என்று ஆரம்பித்தவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. நாலேகாலுக்கு மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. டாக்டர் ஓடி வந்தார். தொண்டை உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகினார்கள். கதவுக்கு வெளியே அவன் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டோர் அக்கா சுவரோடு சுவராக நின்றாள். தான் சொன்னது பலித்துவிட்டதே என்று ஒரு கணம் உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. அந்தக் கணத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னை எத்தனையோ முறை காறித் துப்பிக்கொண்டாள்.

வெளியே வந்த டாக்டர் அவளைத் தேடி வந்து, "வீட்டுல இருந்திருந்தா வந்து சேந்திருக்க மாட்டாரும்மா" என்றார். பஞ்சாயத்து இருபத்து மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தான். உயிர் தங்கிற்று. நுரையீரலில் பாதிதான் தேறியது. குரல், காகிதத்தைக் கசக்குகிற சத்தம் போல ஆகிவிட்டது.

விசாரணை என்று தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்னால் ஹூட்டுக்குப் புது மோட்டார் வந்தது. பொருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நடுவில் இருந்தவர் விநியோகப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"குறிப்புல, ஹூட் வேலை செய்யலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அது உண்மை."

"அப்ப ஹூட் ஓடலைன்னு தெரிஞ்சேதான் கொடுத்திருக்கீங்க."

தன்னைக் காப்பாற்றும் என்று அவள் எழுதிய வரி அது. "மேலாளர் சொன்னார்னும் எழுதியிருக்கேனே" என்றாள்.

"தான் சொல்லவே இல்லைன்னு அவர் எழுதிக் கொடுத்திருக்கார். மூணு நாளா மறுத்தவங்க நாலாம் நாள் ஏன் கொடுத்தீங்க?"

அந்தக் கேள்வியை ராப்பகலாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். "அவனைக் கேளுங்க. அவன்தான் சாட்சி. அவனுக்கு நான் ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்" என்றாள்.

அவர் இன்னொரு தாளை எடுத்தார். தட்டச்சு செய்த அரைப் பக்கம். "புட்டியில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. கிடங்குப் பொறுப்பாளர் எந்த எச்சரிக்கையும் செய்யவில்லை. சாதாரணத் திரவம் என்று நினைத்தே மெல்லிய கையுறை போட்டேன்." கீழே பஞ்சாயத்தின் கையெழுத்து. நடுங்கியிருந்தாலும் அவனுடையதுதான், மாதா மாதம் அவள் பதிவேட்டில் பார்த்த கையெழுத்து.

"நான் படிச்சுக் காட்டினேன் சார். மனப்பாடமாயிடுச்சுன்னு சிரிச்சான்" என்றாள் மறுபடி. மூன்று பேரும் குனிந்து எழுதினார்கள். அவள் சொன்னதை எழுதவில்லை என்பது பேனா நகர்ந்த விதத்திலேயே தெரிந்தது.

அவள் நோட்டையும் வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கட்டாய ஓய்வு என்று கடிதம் வந்தது. நோட்டைக் கேட்டுப் போனாள். அது கோப்பில் சேர்ந்துவிட்டது என்றார்கள்.

தெருவில் எதிர்ப்பட்ட பஞ்சாயத்தின் மனைவி அவளை விடவில்லை. "செத்துப் பொழைச்சு வந்த மனுஷன் தெரிஞ்சேதான் செஞ்சாருன்னு சொன்னீங்களாமே? அப்படி நிரூபிச்சிருந்தா வைத்தியச் செலவுகூடக் கிடைச்சிருக்காது. அவர் மூச்சுக்கு நீங்க என்ன பதில் சொல்லப் போறீங்க?" என்று கடைவாசலில் வைத்துக் கேட்டாள். நாலு பேர் நின்று பார்த்தார்கள். கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவள் என்று பேர் வாங்கிய ஸ்டோர் அக்கா, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. "அவன் உசுரை நீதானே காப்பாத்தின? அதைச் சொல்ல வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"புட்டியைக் கொடுத்ததும் நான்தானே" என்றாள் அவள்.

எட்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். அவர்கள் வீடு இரண்டாம் மாடி. திறந்தால் பஞ்சாயத்து. பாதி ஆளாக இளைத்திருந்தான். கழுத்தில் தழும்பு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனால் மூன்று நிமிஷம் பேச முடியவில்லை. கணவர் அவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வா என்று சொல்லவில்லை.

"ஆபீஸ் வாசல் கேட்டுல உக்கார வச்சிருக்காங்க அக்கா" என்றான். அந்தக் கசங்கிய குரலை அவள் அன்றுதான் முதலில் கேட்டாள். "வர்ற வண்டி நம்பரை எழுதணும். அவ்வளவுதான்."

"சரி."

"அந்தத் தாளை அவங்கதான் அடிச்சுக் கொண்டாந்தாங்க. கழுத்துல குழாய் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டா வேலையும் உண்டு, வைத்தியமும் உண்டுன்னாங்க. இல்லேன்னா என் கவனக்குறைவுன்னு முடிச்சுடுவோம்னாங்க. நீங்க எப்படியும் சமாளிச்சுக்குவீங்கன்னு..." மூச்சு வாங்கினான். "ரெண்டு பக்கமும் பாத்தேன். எனக்கு வேற வழி தெரியல."

"படிச்சுப் பாத்துத்தான் போட்டியா?"

அவன் தலை குனிந்தான். "படிச்சேன்."

"நான் உனக்குப் படிச்சுக் காட்டினேனா, இல்லையா?"

"காட்டினீங்க."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குக் கண் கலங்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றான் பஞ்சாயத்து. "திட்டவாவது செய்யுங்க."

ஊர்ப்பட்ட வழக்கையெல்லாம் பேசித் தீர்த்தவன் ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அவன்மேல் இருந்தது கோபம் மட்டும் என்றால் கொட்டியிருப்பாள். பாவம் மட்டும் என்றால் அணைத்திருப்பாள். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அவனிடம் மன்னிப்பு கேட்கவேண்டியவள் தானும்தான் என்ற நினைப்பு வேறு.

"தண்ணியைக் குடி" என்றாள்.

குடித்தான். எழுந்தான். கணவர் கூட இறங்கப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாகவே இறங்கினான். நாலு படிக்கு ஒரு தடவை நின்றான். அவள் வாசலில் நின்று, அவன் கீழே போய்ச் சேரும் வரை அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போகச் சொல்லவும் இல்லை, நிற்கச் சொல்லவும் இல்லை.

பிறகு அவன் வரவில்லை. அவளும் போகவில்லை. ஒரு மருந்துக் கடையில் பெட்டிகளை அடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. எந்த மருந்தைக் கேட்டாலும் இருட்டிலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறாள் என்று கடைக்காரர் அவளைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். அவள் அதற்கும் சிரிப்பதில்லை. ஆராய்ச்சி நிலையம் வழியாகப் போகும் பேருந்தை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போகும் பேருந்துக்காக தினமும் இருபது நிமிஷம் கூடுதலாக நிற்கிறாள். ஏன் என்று கணவர் கேட்டதில்லை.